தனி அடுப்பு

எங்கள் வீட்டின் முன்னறைதான் ஊருக்குத் தபால் நிலையம். காலையில் முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவது என் நாளின் முதல் வேலை. வருடக்கணக்காக அதைச் செய்து செய்து, எது நடந்தாலும் நாள் கிழமையோடு சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. ஊரில் யார் வீட்டுக் கிணறு எந்த மாதம் வெட்டியது என்று என்னிடம்தான் கேட்பார்கள். என் கொழுந்தன் எந்த நாளில் வீடிழந்தான் என்று கேட்டால் மட்டும் என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம் முன்னால், மலை சரிந்த ஞாயிற்றுக்கிழமை. இன்னொன்று, அதற்கடுத்து வந்த வெள்ளிக்கிழமை. அன்று மழை இல்லை. நல்ல வெயில்.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கண்ணமங்கலத்திலிருந்து மணமாகி இந்த மலைக்கு வந்தபோது கொழுந்தன் பத்தாம் வகுப்பில் இருந்தான். பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். இரண்டாம் வருடம் ஒரு வைகாசியில் திரும்பி வந்தவன், சுவருக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்றான். பேசுகிறவர்கள் அவனைத்தான் பேசினார்கள். கோயில்களுக்கு அழைத்துப் போய்ப் பார்த்த பிறகு வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மனச்சிதைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் ‘காதுல பேச்சு கேக்கற நோவு’. மாதம் ஒரு ஊசி, தினம் மாத்திரை. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை. தபாலுக்கும் பணம் எடுக்கவும் நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். வருகிற ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிய சேதியைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று நம்பினான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்பான். ஒருமுறை தபால் பையைத் தூக்கிக் கொண்டுபோய் ஓடையில் போட்டுவிட்டான்.

நிலத்தின் மேல்கோடியில், பலாமரத்தைத் தாண்டி, சாமை கொட்டி வைக்கும் ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று இருந்தது. அதைக் கேட்டது அவன்தான். என் கணவர் சுவரை ஒரு முழம் உயர்த்தி, கதவு போட்டு, சன்னல் வைத்து, ஓடு மாற்றிக் கொடுத்தார். என் மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த ஆனி மாதம் கொழுந்தன் அங்கே குடிபோனான்.

போன வாரமே ஒரு விதி வைத்தான். யாராக இருந்தாலும் பலாமரத்தடியில் நின்று, “வரலாமா?” என்று குரல் கொடுக்க வேண்டும். அவன் “வா” என்றால் போகலாம். பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். முதலில் ஊர் சிரித்தது. பக்கத்து நிலத்து அக்காவுக்குக் கேலி இல்லாமல் வாய் திறக்காது. “கலெக்டர் ஆபீஸு தோத்துது போ. என் ஆடு மேய வந்தாக்கூட மரத்தாண்ட நின்னு கத்திட்டுத்தான் போவணுமாம்” என்றாள். ஆனால் அவளும் நின்றுதான் கூப்பிட்டாள். நான் மூன்று வேளையும் தட்டைக் கொண்டுபோய் மரத்தடிக் கல்லில் வைத்துக் குரல் கொடுப்பேன். அவனுக்குத் தீப்பெட்டி தர மட்டும் எங்களுக்குத் துணிவு வரவில்லை. அவனும் கேட்டதில்லை.

சொல்லிவிட்டு வருகிறவர்களைப் பார்த்து அவனுக்குப் பயம் போயிற்று. குரல்கள் முழுவதும் நின்றுவிடவில்லை. “கீறாங்க அண்ணி, ஆனா தூரமாப் பேசறாங்க” என்பான். மாசி, பங்குனியில் புளி தட்டுவான். ஊசிக்குச் செவிலியர் வரும் நாளைச் சொல்லாமலே நினைவில் வைத்திருப்பான். என் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் வரை அவன் அந்த அறையில் நிலையாக இருந்தான். அவன் வீடு என்றுதான் ஊரே சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்தினத்திலிருந்தே மழை விடவில்லை. காவலூர்ப் பக்கம் தெளிந்த நாளில் தெரியும் வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் கும்மட்டம் மேகத்தில் அடியோடு மறைந்திருந்தது. மதியம் தட்டை எடுத்துக்கொண்டு மேலே ஏற முடியாமல், கொல்லையிலிருந்தே கத்தி அவனைச் சாப்பிட அழைத்தேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். இரண்டாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, லாரியில் கருங்கல் கொட்டுவது போல ஒரு சத்தம் நீளமாகக் கேட்டது. வெளியே வந்து பார்த்தபோது பலாமரம் நின்றது. அதற்கப்பால் செம்மண்ணும் பாறைகளும் மட்டும் இருந்தன. அறையின் ஒரு மூலை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

கொழுந்தன் கையில் சோற்றோடு நின்று பார்த்தான். “கதவு எங்க?” என்று கேட்டான்.

ஊரில் இன்னும் சில வீடுகள் போயிருந்தன. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். சாலை இரண்டு இடத்தில் அறுந்து, அந்த மாதம் செவிலியர் வர முடியவில்லை. ஊசி தள்ளிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை கிராம நிர்வாக அலுவலர் நடந்தே மேலே வந்தார். இளவயது. பேண்ட்டை முழங்கால் வரை மடித்திருந்தார். வீடு வீடாக நின்று கைப்பேசியில் படம் எடுத்து விவரம் பதிந்துகொண்டு வந்தார். பின்னால் ஊரில் பாதி வந்தது. எங்கள் நிலத்துக்கு வந்து மண்மேட்டைப் பார்த்தார்.

“இதுல யார் இருந்தாங்க?”

“என் தம்பி சார்” என்றார் என் கணவர்.

“தனிக் குடும்பமா? தனியா சமையல் பண்றாரா?”

என் கணவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். “இன்னா சார் இப்படி கேட்டுட்டீங்க? நான் உசுரோட இருக்கச்சொல்ல என் தம்பி தனியா பொங்கித் துன்னுவானா? எங்க வூட்ல எப்பவும் ஒரே அடுப்புதான். அன்னிக்கு எங்க அடுப்புல துன்ன வந்ததாலதான் உசுரோட கீறான்.”

கூட்டத்தில் தலைகள் ஆடின. “அண்ணன்னா இப்படி இருக்கணும்” என்று யாரோ சொன்னார்கள். அலுவலரும் மரியாதையோடுதான் தலையசைத்தார். பிறகு கைப்பேசியில் ஏதோ அழுத்தினார். அவர் அழுத்தியது ‘தானியக் கொட்டகை’ என்று எங்களுக்குத் தெரியவந்தது தை மாதம். பொங்கல் கழிந்து, வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்ட உத்தரவு வந்தபோது கொழுந்தன் பெயர் அதில் இல்லை.

அதற்குள் அவன் எங்கள் வீட்டில் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான். முன்னறையில் தபால் மேசை. உள்ளறையில் நாங்களும் மகளும். அவனுக்குச் சமையலறையை அடுத்த நடையில் பாய் போட்டுக் கொடுத்தோம். கொல்லைக்குப் போகிற எல்லோரும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் அவனைக் கேட்டுவிட்டுத் தாண்டவில்லை, நானும்தான். சொந்த வீட்டுக்குள் “வரலாமா” என்று கேட்டுக்கொண்டு நடக்க முடியாது என்று நினைத்தோம். முதலில் பாயைச் சுவரோடு ஒட்டிப் போட்டான். பிறகு பாயை மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துப்போனான். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்தான். தலைமையாசிரியர் நல்லவர், பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அடுத்து பேருந்து நிழற்குடை. சாலை சரியாகி, செவிலியர் வந்து ஊசி போட்டார். ஆனால் மாத்திரை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் அவன் இருப்பதில்லை.

“பேச்சு கிட்ட வந்துடுச்சு அண்ணி” என்றான் ஒரு நாள். “நான் எந்த வூட்ல படுத்தாலும் அது எனக்கு முன்னாடியே அங்க வந்து குந்திகினு கீது.”

வேலூர் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். ஊசி தள்ளிப்போனதாலா, வீடு போனதாலா என்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்றார். “அவருக்குன்னு ஒரு இடம் சீக்கிரம் பண்ணுங்கம்மா. இடம் மாறிட்டே இருந்தா மாத்திரை ஒழுங்கா உள்ள போகாது.” நோயைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் நான் படித்திருக்கிறேன். அவற்றில் மருந்தைப் பற்றி நிறைய இருந்தது. ஒருவன் படுக்கும் இடத்துக்குக் கதவு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவாக இல்லை.

நான் தனியாகவே போய்க் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார்.

“அக்கா, ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. உங்க வீடு நிக்குது. அது கொட்டகைன்னுதான் பதிஞ்சிருக்கேன்.”

“அவன் வருசக்கணக்கா அங்கதான் சார் இருந்தான். ஊரே சொல்லும்.”

“ஊர் சொல்றது இருக்கட்டும். உங்க வீட்டுக்காரர் ஊருக்கு முன்னாடி சொன்னாரே, ஒரே அடுப்புன்னு. தனி அடுப்பு இருந்தாத்தான் தனிக் குடும்பம். எனக்கும் மனசு இருக்குதுக்கா. அவரே வந்து, அதே ஊருக்கு முன்னாடி, தம்பி தனின்னு சொல்லட்டும். அடுப்பைக் காட்டுங்க. திருத்தி அனுப்பறேன். பங்குனிக்குள்ள பண்ணணும், அதுக்கு மேல என் கையில இல்ல.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியை வைக்காமலே கேட்டார். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி தனி அடுப்பு வைப்பது சண்டை போட்டுப் பிரியும்போதுதான். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற தம்பியைத் தனி வைப்பதற்கே மூன்று முறை ஊர் கூடிப் பேசும். கல்யாணமாகாத, நோயுள்ள தம்பியைத் தனி வைத்த அண்ணன் என்று இந்த மலையில் இதுவரை யாரும் பெயர் எடுத்ததில்லை.

“நோவாளித் தம்பிய தொரத்தி உட்டவன்னு சொல்லுவாங்க. நாளைக்கு நம்ம பொண்ண எவன் வந்து கேப்பான்?”

“பொய்யாச் சொல்றதுதானே. வூட்டுக்காக.”

“ஊருக்கு முன்னாடி சொல்றது எப்படிடீ பொய்யாவும்?”

வேறு வழி செய்வதாகச் சொன்னார். தானே மண்ணை அள்ளி அந்த அறையை மறுபடி எழுப்புவதாகச் சொன்னார். மாசி பாதி வரை தினமும் மண் அள்ளினார். மேலே இருந்து மறுபடி மண் வந்து விழுந்தது.

மாசிக் கடைசியில் கொழுந்தனைக் காணோம். நிழற்குடையில் இல்லை, கொட்டகையில் இல்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு மலையடிவாரத்தில் இருக்கும் அமிர்தியிலிருந்து ஒரு தேநீர்க் கடைக்காரர் கூப்பிட்டார். கொழுந்தனின் சட்டைப் பையில் நான் தைத்து வைத்திருந்த துணியில் எங்கள் எண் இருந்தது. என் கணவர் முதல் பேருந்தில் இறங்கிப் போனார்.

அங்கே பார்த்ததை அவர் என்னிடம் ஒரே தடவைதான் சொன்னார். தேநீர்க் கடைக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஒரு ஓட்டு வீடு. அதன் முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு புங்கமரம். கொழுந்தன் அந்த மரத்தடியில் செருப்பில்லாமல் நின்றிருந்தான். பூட்டிய கதவைப் பார்த்து, “வரலாமா?” என்று கேட்பான். கொஞ்சம் காத்திருப்பான். மறுபடி கேட்பான். “ரெண்டு நாளா இப்படித்தான் நிக்கறாரு. திருடனோன்னு முதல்ல அடிக்கப் போனாங்க. திருடன் கேட்டுட்டா வருவான்னு நான்தான் தடுத்தேன்” என்றாராம் கடைக்காரர்.

“பூட்டு தொங்குது. இவன் கேட்டுனே கீறான்” என்றார் என் கணவர். சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “அலுவலர வரச் சொல்லு” என்றார்.

பங்குனி இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை காலை. பலாமரத்துக்குப் பக்கவாட்டில், மண் சரியாத பாறைத் திட்டில் வீடு கட்டலாம் என்று ஏற்கெனவே பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அங்கே நான்கு கழி நட்டுத் தகரம் போட்டிருந்தோம். ஊர் வந்து நின்றது. தனி வைக்கும்போது மூத்தவன் மனைவி தன் அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துப் போக வேண்டும். எங்களிடம் எரிவாயு அடுப்பு வந்து பல வருடம் ஆகிறது. வெந்நீர் அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை மண்சட்டியில் எடுத்துக்கொண்டு ஏறினேன். மூன்று கல் வைத்து, கங்குகளைப் போட்டு, சுள்ளி வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் ஊதுங்கக்கா. புகை வந்தாதான் படத்துல தெரியும்” என்றார் அலுவலர். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து நிலத்து அக்காகூட.

என் கணவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: “இன்னைலேர்ந்து என் தம்பி தனி. அவன் அடுப்பு வேற, என் அடுப்பு வேற.”

கொழுந்தன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டான். முன்தினமே நான் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தேன், இது வீட்டுக்காகச் சொல்கிற பேச்சு என்று. தலையாட்டியிருந்தான். ஊர் கலைந்ததும் என்னிடம் வந்தான்.

“அண்ணி, அண்ணன் சொன்னது நெசமா?”

“கவர்மெண்டுக்காகப்பா. நேத்தே சொன்னனே.”

“ஊருக்கு முன்னாடி சொன்னாரே.” நெற்றியைச் சுருக்கி வேறெதையோ கேட்பவனைப் போல நின்றான். “அவங்களும் அதான் சொல்றாங்க. தனின்னு.”

அன்றே அவன் பாயைத் தகரத்தடியில் போட்டுக்கொண்டான். மதியம் தட்டைக் கொண்டுபோய் மரத்தடிக் கல்லில் வைத்துக் குரல் கொடுத்தேன். பதில் வரவில்லை. மாலையில் போய்ப் பார்த்தால் சோறு அப்படியே இருந்தது. எறும்பு மொய்க்காமல் மேலே பலா இலை போட்டு மூடியிருந்தான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், வெறும் வயிற்றோடு கிடக்கிறானே என்று பயந்து, அரிசியும் பருப்பும் ஒரு பாத்திரமும் தீப்பெட்டியும் கொண்டுபோய் வைத்தேன். தீப்பெட்டியைத் தருவதா வேண்டாமா என்று யோசிக்க அப்போது நேரமில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான்.

வெந்தும் வேகாமலும் தின்றான். சில நாள் புகை மட்டும் வந்தது. சில நாள் அதுவும் வரவில்லை. வீட்டில் என் கணவரும் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டு முன்னால் உட்கார்ந்து மேல்கோடியைப் பார்ப்பார். பக்கத்து நிலத்து அக்கா தபாலுக்கு வந்தபோது, “இன்னாடீ, தம்பிய தனி வெச்சதுக்கு அண்ணன் எளச்சிப் போய்ட்டாரு” என்றாள். பிறகு மேசைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தாள். வறுத்த சாமை மாவு. “நான் குடுத்தா துன்றானா பாக்கறேன்னு போனேன். வாங்கிக்கினான். உன் அடுப்புல வெந்ததுதான் ஆவாதாம். இந்தா, இது உனக்கு.” அவள் போன பிறகு நான் அழுதேன். யாரோ பணம் எடுக்க வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல் ரேகை வைக்கும் கருவியை நகர்த்தி வைத்தேன்.

சித்திரை பிறந்து திருத்தம் ஏற்கப்பட்டது. வீட்டுக்கு உத்தரவு வந்தது. கடைக்கால் தோண்டினார்கள். ஆள் சத்தத்தில் அவன் ஓடிவிடுவானோ என்று பயந்தோம். ஓடவில்லை. கொத்தனார் காலையில் மரத்தடியில் நின்று, “வரலாமாங்க, வீட்டுக்காரரே?” என்று கத்துவார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கொழுந்தன் தகரத்துக்கு அடியிலிருந்து “வா” என்ற பிறகுதான் சாந்து குழைப்பார்கள். செவிலியர் வந்தபோதும் “வா” என்றான். ஊசி நிற்கவில்லை. எங்களுக்கு மட்டும் பதில் இல்லை.

வைகாசி முதல் வாரம், சனிக்கிழமை. தபால் வேலை அரைநாளில் முடிந்து கதவைச் சாத்தப் போனேன். வாசலில் இல்லை, வாசலுக்கு அப்பால் துணி துவைக்கும் கல்லோரம் கொழுந்தன் நின்றிருந்தான். கையில் ஒரு கிண்ணம். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்தான். என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

“வரலாமா?”

அவன் பிறந்த வீடு அது. இந்தப் படியில் ஒருநாளும் அவன் கேட்டு ஏறியதில்லை. என் கணவர் உள்ளேயிருந்து வந்தார்.

“இன்னாடா இது? உன் வூட்டுக்கு எதுக்குடா கேட்டுனு வர்ற? உள்ள வாடா.”

அவன் அசையவில்லை. அந்தப் பதில் அவனுக்கு எட்டாதது போல நின்றான். வெயில் சுட்டதில் ஒரு காலை எடுத்து இன்னொன்றின்மேல் வைத்துக்கொண்டான். மறுபடி அதே குரலில், “வரலாமா?” என்றான்.

அவருடைய கை கதவைப் பிடித்திருந்தது. அவர் அந்தச் சொல்லைச் சொன்னால் தம்பி இந்த வீட்டுக்கு வெளியாள். சொல்லாவிட்டால் இப்போதே திரும்பிப் போய்விடுவான். எனக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“வா” என்றார்.

கொழுந்தன் ஏறி வந்தான். சமையலறை வரை நேராக வந்து கிண்ணத்தை நீட்டினான். “உப்பு தீந்துடுச்சி அண்ணி.”

கொடுத்தேன். கல்லுப்பு. கிண்ணம் நிறைய. அவன் நடையில் ஒரு நிமிடம் நின்று, தன் பாய் கிடந்த இடத்தைப் பார்த்தான். பிறகு இறங்கிப் போனான். “சாப்புட்டுப் போடா” என்று என் கணவர் சொன்னது அவன் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும்.

கதவு, சன்னல் வேலை இன்னும் பாக்கி. கதவுக்கு வெளித்தாழ் வேண்டாம், உள்தாழ் போதும் என்று கொழுந்தனே கொத்தனாரிடம் சொல்லிவிட்டான். நான் இப்போதும் மதியம் மரத்தடிக்குப் போகிறேன். தட்டு இல்லாமல், வெறுங்கையோடு. சில நாள் “வா” வருகிறது. வராத நாளில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்கி வருகிறேன். என் கணவர் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.